வரப்பில் நின்றது போதும்

இரண்டு வருடத்துக்கு முன்னால் வயிற்று வலி என்று ஸ்கேன் எடுக்கப் போனேன். வலிக்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அறிக்கையின் கடைசி வரியில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. சாராயத்தைத் தொட்டவனில்லை. எடை 60 கிலோ. வங்கியில் வேலை பார்த்த காலத்திலேயே சட்டை தொளதொளவென்றுதான் தொங்கும். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த நாளிலிருந்து ரசாயனம் படாத தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும்தான் சாப்பாடு. எண்ணெய் செக்கில் ஆட்டியது. காபிக்கு நாட்டுச் சர்க்கரை. "எனக்கு எப்படி டாக்டர் இது வரும்?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "கையை நெஞ்சோட கட்டிக்கிட்டு, நாற்காலியிலேர்ந்து அஞ்சு தடவை எழுந்து எழுந்து உட்காருங்க" என்றார். செய்தேன். நாலாவது தடவை கை தானாகவே முழங்காலைத் தேடியது. முடிக்க 15 வினாடி ஆனது. "12 வினாடிக்குள்ள முடியணும் சார். நீங்க ஒல்லிதான். ஆனா அந்த ஒல்லியில சதை கம்மி. உங்க ஈரலுக்கு அதுதான் பிரச்சினை" என்றார்.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு நான் படித்ததையும், என் நிலத்தில் பார்த்ததையும் உழவர் குடும்பங்கள் முன்னால் வைக்கிறேன். சொல்ல வருவது ஒன்றுதான். நஞ்சில்லாமல் விளைவித்துச் சாப்பிட்டால் உடம்பைப் பற்றிய நம் கடமை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். தின்ற சோறு போய்ச் சேர உடம்பில் தசை வேண்டும். அந்தத் தசையை நாம் இழந்துகொண்டிருக்கிறோம். அதைக் கட்டித் தரும் பருப்பையும் முட்டையையும் நாமே விளைவித்து, நாமே விற்றும் விடுகிறோம்.

குதிர் சிறுத்தால் நெல் எங்கே போகும்?

அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வருகிறது. குதிர் பெரிதாக, காலியாக இருந்தால் அத்தனையும் உள்ளே போய்விடும். குதிரே சிறியது, அதிலும் போன போகத்து நெல் அப்படியே கிடக்கிறது என்றால்? திண்ணை, கூடம், தாழ்வாரம் என்று மூட்டைகளை அடுக்க வேண்டியதுதான். கடைசியில் வீட்டில் ஆள் படுக்க இடம் இருக்காது.

உடம்பிலும் கதை இதுதான். சோறு செரித்துக் குளுக்கோஸாக ரத்தத்தில் ஏறுகிறது. இன்சுலின் சொல்கேட்டு அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அங்கே அது கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளாகச் சேர்கிறது. வளர்ந்த ஆள் ஒருவரின் தசைகள் எல்லாம் சேர்ந்து சுமார் 400 கிராம் வரை இப்படிச் சேமிக்கும். ஈரலின் கொள்ளளவு சுமார் 100 கிராம்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஈரலில் உள்ள கிளைக்கோஜன் மறுபடி குளுக்கோஸாகி ரத்தத்துக்கு வரும். தசைக்குள் போனது அப்படித் திரும்பி வராது. அந்தத் தசை வேலை செய்து எரித்தால்தான் குதிர் காலியாகும்.

தசை குறைந்தவனுக்குக் குதிர் சிறியது. தசையை அசைக்காதவனுக்குக் குதிர் எப்போதும் நிறைந்தே இருக்கிறது. இந்த இரண்டு பேரும் சாப்பிட்ட சோற்றில் மிஞ்சுவது ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. கொஞ்சத்தை ரத்தத்தில் அனுப்பிவிட்டு மீதியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. ஈரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அதுதான் ஃபேட்டி லிவர். ஈரலில் கொழுப்பு சேர இது ஒன்றே வழி என்று சொல்ல மாட்டேன். இன்சுலின் பேச்சு எடுபடாத உடம்பில் வயிற்றுக் கொழுப்பு கரைந்தும் ஈரலுக்கு வந்து சேரும். ஆனால் தசை கெட்டுப்போவது ஆரம்பத்திலேயே நடக்கும் காரியம்.

இதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2007-ல் சோதித்துக் காட்டினார்கள். ஒல்லியான இளைஞர்களை எடுத்துக்கொண்டு, மாவுச்சத்து மிகுந்த சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். தசையில் இன்சுலின் எடுபடாதவர்களுக்கு, தசையில் கிளைக்கோஜன் சேர்வது பாதிக்கும் கீழே குறைந்தது. ஈரல் புதிதாகக் கொழுப்பு தயாரிப்பது இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. அதே குழு 2011-ல் இன்னொன்றும் பார்த்தது. இப்படிப்பட்டவர்களைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை 45 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். ஈரல் கொழுப்பு தயாரிப்பது சுமார் 30 சதவீதம் குறைந்தது. குதிரைக் கொஞ்சம் காலி செய்ததற்கே அந்தப் பலன்.

தென்கொரியாவில் 12,000-க்கும் மேற்பட்டவர்களை ஏழு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. உடல் எடையோடு ஒப்பிடும்போது தசை அதிகமாக இருந்தவர்களுக்கு ஃபேட்டி லிவர் புதிதாக வருவது குறைவு. ஏற்கெனவே இருந்தவர்களிலும், தசை கூடியவர்களுக்குச் சரியாகும் வாய்ப்பு அதிகம்.

"இதெல்லாம் நகரத்துக்காரன் வியாதி" என்று நாம் தள்ளிவிட முடியாது. மேற்கு வங்கத்தின் கிராமப்புறத்தில் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில் 100-க்கு 8.7 பேருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் குண்டானவர்களே இல்லை. என்னைப் போல ஒல்லிகள். மத்திய அரசும் 2021-ல் இந்த ஈரல் நோயைத் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்துவிட்டது.

ஈரலுக்குச் சான்றிதழ் தெரியாது

நம் கூட்டங்களில் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் வெள்ளைச் சர்க்கரையைவிட மேல் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். கந்தகம் போட்டு வெளுக்காத வெல்லம் நல்ல வெல்லம். ஆனாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். அந்தச் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். ஃப்ரக்டோஸைப் பெரும்பாலும் ஈரல்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது. கரும்புத் தோட்டத்தில் யூரியா போட்டார்களா, பஞ்சகவ்யம் தெளித்தார்களா என்று ஈரல் விசாரிப்பதில்லை.

பாரம்பரிய அரிசியும் அப்படித்தான். தவிடு நீக்காத மாப்பிள்ளைச் சம்பா, பாலிஷ் போட்ட அரிசியைவிட மெதுவாகச் செரிக்கும், நார்ச்சத்தும் கூடுதல். அதற்காக மூன்று வேளையும் தட்டு நிறையச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. நம் பயிற்சி முகாம்களில் காலையில் பொங்கல், பதினோரு மணிக்கு வெல்லக் காபி, மதியம் சாப்பாடு, பாயசம், மாலையில் பணியாரம். நாள் முழுக்க உட்கார்ந்து மண்புழுவைப் பற்றிப் பேசுகிறோம். இதில் தசைக்கு என்ன கிடைத்தது?

இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு. ஈரல் என்றதும் கீழாநெல்லியைப் பறிக்கக் கிளம்புவது. என் வரப்பிலும் அது இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் கீழாநெல்லி தொடையில் தசை வைக்காது.

கணக்கு நோட்டு சொன்ன சேதி

முப்பது வருடம் வங்கியில் இருந்தவனுக்கு நோட்டுப் போடும் பழக்கம் போகாது. விளைந்தது, விற்றது, வீட்டுக்கு எடுத்தது எல்லாம் எழுதி வைப்பேன். டாக்டரிடம் போய் வந்த ராத்திரி அந்த நோட்டைப் பிரித்தேன். அந்த வருடம் துவரை 140 கிலோ. வீட்டுக்கு எடுத்தது 12 கிலோ. நானும் மனைவியும் இரண்டே பேர். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 கிராம் பருப்பு. அதில் புரதம் மூன்றரை கிராம் சொச்சம். ஆறு கோழிகளின் முட்டை, 'நாட்டுக்கோழி முட்டைக்கு நல்ல விலை' என்று டவுனுக்குப் போய்விட்டது. மல்லாட்டை மொத்தமும் செக்குக்குப் போனது. எண்ணெய் வந்தது. புரதம் பிண்ணாக்கில் தங்கி, அதை மாடு தின்றது.

தேவை எவ்வளவு? ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி வளர்ந்தவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். எனக்கு 50 கிராம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று முதுமை மருத்துவ நிபுணர்கள் பலர் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 60 முதல் 72 கிராம். என் தட்டில் இருந்தது? 300 கிராம் அரிசியில் சுமார் 22, பாலும் மோரும் சேர்ந்து 10, உளுந்தில் 5, துவரையில் 4. கூட்டினால் 41. அதிலும் பாதிக்கு மேல் அரிசிப் புரதம். பருப்போ முட்டையோ துணைக்கு வராமல் அது தனியாகத் தசைக்கு முழுசாகப் பயன்படாது.

விவசாயக் கடன் கேட்டு வந்தவர்களிடம் 'வீட்டுச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கினீங்க?' என்று கேட்டுக் கேட்டுப் பழகிய ஆள் நான். என் வீட்டுக் கணக்கில் இப்படி ஓட்டை!

எரு போடாமல் மகசூல் எடுக்கிறோம்

"விவசாயிக்கு எதுக்குங்க உடற்பயிற்சி? நாள் முழுக்க உழைக்கிறோமே" என்று கேட்பவர்கள் உண்டு. கவலை ஏற்றம் இறைத்து, மாட்டு ஏர் பிடித்து, கதிர் கட்டைத் தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டுவந்த காலத்தில் அந்தக் கேள்வி நியாயம். இப்போது உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மெஷின், களைக்குக் கூடப் பவர் வீடர். மோட்டாரை செல்போனிலேயே போட்டுவிடுகிறோம். நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை. ஆள் கிடைக்காத ஊரில் அது இல்லாமல் விவசாயம் ஓடாது. ஆனால் சுமையை மெஷின் எடுத்துக்கொண்டது; சோறு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையும் மாலையும் நிலத்தைச் சுற்றி வருகிறேன், அதனால் உழைப்பாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் களை எடுக்க வந்த அம்மா ஒருவரிடம் என் ஸ்கேன் கதையைச் சொன்னேன். அவருக்கும் என் வயது இருக்கும். நிமிராமலேயே சொன்னார்: "நீங்க வரப்புலதானே சார் நடக்குறீங்க? வரப்புல நடந்தா வரப்புதான் கெட்டியாவும்."

நடப்பது நல்லது. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் உதவும். ஆனால் தசை வளர, தசைக்குப் பாரம் வேண்டும். தூக்கணும், குனிந்து நிமிரணும், இழுக்கணும், தள்ளணும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஃபேட்டி லிவர் உள்ளவர்களை எட்டு வாரம் பாரம் தூக்கும் பயிற்சி மட்டும் செய்ய வைத்தார்கள். உடல் எடை குறையவில்லை. ஆனால் ஈரல் கொழுப்பு இருந்ததில் 13 சதவீதம் குறைந்தது. இது 2011-ல் வெளிவந்தது.

இங்கே இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் களை எடுக்கும் அம்மா நாளெல்லாம் உழைக்கிறார். அவருக்கும் சர்க்கரை இருக்கிறது. 'உழைச்சும் ஏன் வருது?' என்று கேட்டால், அவர் தட்டைப் பார்க்க வேண்டும். காலையில் டீயும் பன்னும், மதியம் சோறும் குழம்பும், ராத்திரி மறுபடி சோறு. உழைப்பு தசைக்கு வேலை கொடுக்கிறது. தேய்ந்ததைக் கட்டி எழுப்பப் புரதம் வேண்டும். எருவே போடாமல் போகத்துக்குப் போகம் மகசூல் எடுத்தால் மண் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர்கள் நாம். நம் வயலில் இறங்கும் மனிதர்களின் உடம்பில் அதைத்தான் செய்கிறோம். இதில் பெண்கள் நிலைமை இன்னும் மோசம். எல்லோரும் சாப்பிட்ட பிறகு பருப்பு மிஞ்சினால் உண்டு.

வயதும் சும்மா இருப்பதில்லை. முப்பதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. வயதானவர்களுக்குத் தசை கரைவதற்கு சார்கோபீனியா என்று 1989-ல்தான் பெயரே வைத்தார்கள். நம் ஊரில் அதற்கு 'வயசாயிடுச்சு, தளர்ந்துட்டார்' என்று பெயர். அதோடு விட்டுவிடுகிறோம்.

அசலைத் தின்று கடன் அடைக்காதீர்கள்

ஈரலில் கொழுப்பு என்றதும் பலரும் முதலில் செய்வது பட்டினி. ராத்திரிச் சாப்பாட்டை விடுவது, வெறும் ஜூஸில் ஒரு வாரம் ஓட்டுவது. தொப்பை உள்ளவர்கள் எடை குறைப்பது அவசியம். மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் ஈரல் நன்றாகத் தேறும் என்பதை மருத்துவ உலகமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் புரதமும் இல்லாமல், தசைக்கு வேலையும் கொடுக்காமல் மளமளவென்று எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். வட்டி கட்ட அசலை உடைப்பது போல. பிறகு பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் கொழுப்பு திரும்பி வரும், போன தசை அவ்வளவு சுலபமாக வராது. என்னைப் போன்ற ஒல்லிகள் பட்டினி கிடந்தால் குதிரையே இடித்துவிட்டு நெல்லுக்கு இடம் தேடுகிற கதைதான்.

ஈரலும் தசையும் ஒன்றுக்கொன்று கடன்பட்டவை. ஈரல் நோய் முற்றினால் அதுவே தசையைக் கரைக்கும். ஈரல் நீக்க வேண்டிய அம்மோனியாவில் ஒரு பங்கை அந்த நிலையில் தசைதான் எடுத்துச் சமாளிக்கிறது. தசையும் இல்லாதவருக்கு அந்தத் தோள் கொடுக்கவும் ஆள் இல்லை. அதனால் கிரேடு 1 என்று எழுதியிருக்கும்போதே விழித்துக்கொள்வது நல்லது.

நம் இயக்கத்துக்கு என் கோரிக்கை

முதலாவது, வீட்டுப் பங்கு. விதைக்கு எடுத்து வைக்கிறோம் அல்லவா, அதே போல விற்பதற்கு முன்னால் வீட்டுக்கு எடுத்து வையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் பருப்பு, பயறு என்று வைத்தால் வருடத்துக்கு 22 கிலோ. துவரை, உளுந்து, கொள்ளு, காராமணி, பச்சைப்பயறு எது விளைகிறதோ அது. முட்டை சாப்பிடுகிறவர்கள் ஒரு நாளைக்கு ஒன்றாவது வீட்டில் உடைத்துவிட்டு மீதியை விற்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு கை மல்லாட்டையில் 7 கிராம். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கூட்ட வேண்டும்.

இரண்டாவது, நிலம் வைத்திருப்பவர்கள் தினமும் ஏதாவது ஒரு பாரமான வேலையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளணும். எருக்குழியைப் புரட்டுவது, பண்ணைக்கழிவைக் கூடையில் சுமப்பது, ஜீவாமிர்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவது. வேலை இல்லாத மாதங்களில் நாற்காலியில் எழுந்து உட்கார்வதும் குந்தி எழுவதும் போதும். எடுத்த எடுப்பில் மூட்டையைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அரைக் கூடையில் ஆரம்பியுங்கள். முதுகு, முழங்கால், குடலிறக்கம் உள்ளவர்கள் கேட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது, கூலிக்கு வருபவர்களுக்கு டீயோடு பன்னுக்குப் பதில் சுண்டலோ அவித்த மல்லாட்டையோ கொடுப்போம். நம் முகாம்களில் பாயசத்தை நிறுத்திவிட்டு அந்தக் காசில் பயறு போடுவோம்.

நான்காவது, மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு நாற்காலியும் ஒரு டேப்பும் இருக்கட்டும். ஆசிய நிபுணர் குழு 2019-ல் வகுத்த அளவு இது: ஐந்து தடவை எழுந்து உட்கார 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனாலும், கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலும், தசை குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மண் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிற நாம் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

என் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எடை அதே 60. இடுப்பில் இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது. நாற்காலி 10 வினாடி. ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் சரியான அளவுக்கு இறங்கிவிட்டன. ஸ்கேனில் மட்டும் 'லேசான கொழுப்பு' என்று இன்னும் எழுதுகிறார்கள். ஒருத்தன் அனுபவம் ஆதாரம் ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் போன தையில் துவரை உடைத்தபோது, வியாபாரி வருவதற்கு முன்னால் 45 கிலோவை அளந்து உள்ளே வைத்தேன். மனைவி "இவ்வளவு எதுக்கு?" என்று கேட்டாள். மூட்டையை நானே தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்து, "இது முன்னுரிமைக் கடன், முதல்ல அடைக்கணும்" என்றேன்.